குறிப்புகள் மட்டும், வேறு மாற்றம் இல்லை

திற்பரப்பில், அருவிக்கு இறங்கும் சாலையில்,
விஜினின் ரப்பர் ஷீட் கடைக்கு மேலே என் மேசை.
புகையிட்ட ஷீட்டின் வாடை மடிக்கணினிக்குள்ளும் ஏறிவிட்டது.
அதன் விசிறி சுற்றும்போதெல்லாம்
கம்பைலர் ரப்பராய் மணக்கிறது.

இன்றைக்கு வேலை சின்னது.
பாதுகாப்புச் சோதனைகளில் பழைய குறிப்புகளைத் துடைக்க வேண்டும்.
இரண்டு சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை
எந்திரம் படிக்காது.
மனிதர்தாம் படித்துக் குழம்புவார்கள்.

"வழியக் கூடாது" என்றிருந்ததை
"வழியாது" என்று மாற்றினேன்.
முன்னது ஆசை, பின்னது வாக்கு.
யாரோ நள்ளிரவில் எழுதிய "செத்துத் தொலையட்டும்"
"நிரல் இங்கே நிறுத்தப்படும்" ஆனது.
அதை அழிக்கத்தான் கை கொஞ்சம் தயங்கியது.
அந்த வரியில் ஓர் ஆள் இருந்தார்.

சோதனைக் கோப்புகளின் நியாயமே வேறு.
எட்டு இடமுள்ள பெட்டியில்
ஒன்பதாவதைத் திணித்து வைத்திருப்பார்கள்.
அந்தத் தவறைத் தொடக் கூடாது,
தவறுதான் அங்கே சரக்கு.
அதன் தலைக்கு மேல் "வேண்டுமேன்றே" என்றிருந்தால்
இரட்டைக் கொம்பை ஒற்றையாக்கலாம்.
எனக்கு அனுமதி அவ்வளவுதான்.

மழைக்குள் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியோடு போகிறது.
பேச்சிப்பாறை அணை...
கோதையாற்றின் கரையோரம்...
தண்ணீர் திறக்கப்பட...
வளைவில் திரும்பிவிட்டது.
திறக்கப்பட்டதா? திறக்கப்படுமா? திறக்கப்படாதா?
நம் மொழியில் உயிர் போகிற சேதியெல்லாம்
வினையின் வாலில்தான் தொங்குகிறது.

பதினேழாவது கோப்பு.
"சரிபார" என்று ஒரு வரி.
ரகரத்தின் தலையில் புள்ளி இல்லை.
வைத்தேன். சரிபார்.
ஒழுங்குக்காக எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டினேன்.
பச்சை, பச்சை, பச்சை,
சிவப்பு.

எந்திரம் குறிப்பைப் படிக்காது என்றேனே,
அது முழு உண்மை இல்லை.
இந்தக் கோப்புகளில் "சரிபார்" என்று தொடங்கும் குறிப்பை மட்டும்
சோதனை எந்திரம் எடுத்துப் படிக்கும், கேட்கும்.
எழுத்துப் பிசகினால்
சண்டை போடாது, எச்சரிக்காது,
அடுத்த வரிக்குப் போய்விடும்.

ஆறு வருடமாக அந்தச் சோதனை தேர்ச்சி.
கேள்வியே இல்லாத தாளில் நூற்றுக்கு நூறு.
சில பெட்டிகளின் விளிம்பில்
கம்பைலர் வைக்க வேண்டிய காவல் எண்ணை
வைக்கவே இல்லை.
ஆறு வருடம் எத்தனை கைபேசி, எத்தனை வங்கி,
எண்ணத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

எலெனிக்கு எழுதினேன். அவள் இருப்பது தெசலோனிக்கேயில்.
ஞாயிறு வகுப்பில் கேட்ட ஊர்.
அங்கே போன நிருபங்களைத் தெரியும்,
பதில் வந்ததாய் யாரும் சொன்னதில்லை.
நாலு நிமிடத்தில் வந்தது:
"குறிப்புகள் மட்டும் என்றல்லவா
தலைப்புப் போட்டிருக்கிறாய், ஜெர்லின்?"

என்ன சொல்ல.
நான் சேர்த்தது ஒரு புள்ளி.
பொய்யும் சொல்லவில்லை.
தலைப்பை அழித்துவிட்டு, வேறொன்று வைக்கத் தெரியாமல்
கர்சர் சிமிட்டுவதைப் பார்த்தபடி இருந்தேன்.
அருவியின் இரைச்சல் ஒரு சுதி ஏறியிருந்தது.
எப்போது ஏறியதென்று கவனிக்கவில்லை.

ஆட்டோ திரும்பி வருகிறது.
இந்த முறை சொல் முழுதாக விழுந்தது:
திறக்கப்பட்டுள்ளது.

கீழே ஷட்டரைத் தூக்கும் சத்தம்.
"ஒரு கை பிடி பிள்ளே" என்கிறான் விஜின்,
"வெள்ளம் படி வரைக்கும் வந்தாச்சு."

சிவப்பை அப்படியே விட்டுவிட்டு
இறங்குகிறேன்.